சேரணும்னு நினைக்கிற கம்பெனியை நெட்ல தேடறது எப்படி, உள்ள ஆள் பிடிக்கிறது எப்படி

கேள்வி இதுதான்: "ஒரு கம்பெனில சேரணும்னு ரொம்ப நாளா ஆசை. உள்ள யாரையும் தெரியாது. அவங்க வெப்சைட் முழுக்கப் படிச்சாச்சு, லிங்க்ட்இன்ல அங்க வேலை பாக்கறவங்களுக்கு வரிசையா ரிக்வெஸ்ட் போட்டாச்சு, ஒருத்தர்கூட பதில் சொல்லல. வேற என்னதான் பண்றது?"

பதில் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நீங்க கம்பெனியைப் பத்தி தேடறதை ஒரு வேலையாவும் ஆளுங்களைத் தேடறதை இன்னொரு வேலையாவும் தனித்தனியா பண்றீங்க, சிக்கலே அங்கதான். எப்ப ஆரம்பிச்சாங்க, எத்தனை கிளை, சிஇஓ யாருன்னு எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு, அப்புறம் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம கண்ணுல பட்டவங்களுக்கெல்லாம் ரிக்வெஸ்ட் தட்டி விட்டா யாரு திரும்பிப் பாப்பாங்க. கம்பெனியைப் பத்தி படிக்கிறதே அங்க யாருகிட்ட எந்தக் கேள்வியைக் கேட்டா அவரு நின்னு பதில் சொல்லுவாருன்னு கண்டுபிடிக்கத்தான். ஒரு ஆள், ஒரு கேள்வி. இது கையில கிடைக்கிற வரைக்கும் யாருக்கும் மெசேஜ் அனுப்பாதீங்க.

முன்ன பின்ன தெரியாதவங்க நமக்கு எதுக்கு உதவப் போறாங்கன்னு ஒரு தயக்கம் இருக்கும். இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆய்வாளர், 1973-ல வந்த அவரோட கட்டுரை இந்த விஷயத்துல ரொம்பப் பிரபலம். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த ஆளை அப்போ எவ்வளவு அடிக்கடி பாத்துக்கிட்டிருந்தீங்கன்னு கேட்டாரு. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பாத்தவங்க மூலமா கிடைச்சது 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாக்கறவங்க மூலமா 55.6 சதவீதம், வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கறதே அபூர்வம்ங்கிற மாதிரி ஆளுங்க மூலமா 27.8 சதவீதம். காரணம் யோசிச்சா புரியும், நம்ம நெருங்கின சிநேகிதனுக்குத் தெரிஞ்ச சேதி பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சதாத்தான் இருக்கும், புது சேதி வரணும்னா வேற வட்டத்துல இருக்கிற ஆள்தான் கொண்டு வரணும். இதையே லிங்க்ட்இன்ல 2 கோடி பேரை வச்சு 5 வருஷம் சோதிச்சுப் பாத்த ஆய்வு ஒண்ணு 2022-ல சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு. அதுல இன்னும் கொஞ்சம் நுணுக்கமா சொன்னாங்க: ரொம்ப நெருக்கமும் வேணாம், ஒட்டே இல்லாத ஆளும் வேணாம், ரெண்டு பேருக்கும் பொதுவா சில பேரைத் தெரியும்ங்கிற அளவு தொடர்புதான் வேலை மாற அதிகமா கை கொடுக்குதாம். அதனால லிங்க்ட்இன்ல பேருக்குப் பக்கத்துல செகண்ட்னு (2nd, அதாவது உங்க தொடர்புல இருக்கிறவரோட தொடர்பு) காட்டுற ஆளுங்க, அதுலயும் பொதுவான நண்பர்கள் சில பேர் இருக்கிறவங்க, அவங்களை முதல்ல பாருங்க.

இப்ப தேடறது. எல்லாரும் கம்பெனி வெப்சைட்ல "எங்களைப் பற்றி" பக்கத்துல ஆரம்பிப்பாங்க, என்னைக் கேட்டா அது கடைசியா படிக்க வேண்டிய பக்கம், அதை எழுதினது மார்க்கெட்டிங் ஆளுங்க. முதல்ல படிக்க வேண்டியது வேலை விளம்பரம். உங்களுக்குப் பொருந்துற விளம்பரம் மட்டும் போதாது, அந்தக் கம்பெனி இப்ப போட்டிருக்கிற அத்தனையும் படிங்க. விளம்பரம் எழுதறவங்களுக்கு ஆள் வேணும், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு அவங்களை அறியாமலே கொட்டி வச்சிருப்பாங்க.

சரக்குப் போக்குவரத்து கம்பெனி ஒண்ணுன்னு வச்சுக்குவோம், டேட்டா வேலைக்கு ஆள் கேக்கறாங்க. "பழைய டேட்டாபேஸ்ல இருந்து கிளவுடுக்கு மாத்தின அனுபவம் விரும்பத்தக்கது"ன்னு ஒரு வரி இருக்கு. சரி, மாத்தற வேலை நடந்துக்கிட்டிருக்கு, இன்னும் முடியல. அடுத்து "கிடங்குப் பிரிவோடும் கணக்குப் பிரிவோடும் சேர்ந்து வேலை செய்யணும்"னு இருக்கு. ரெண்டு பிரிவுக்கும் ஸ்டாக் கணக்கு ஒத்துப்போகல போல. ரிப்போர்ட் பண்றது யாருக்குன்னு பாத்தா "ஹெட் ஆஃப் டேட்டா"ன்னு போட்டிருக்காங்க, ஆனா அவங்களோட வேற பழைய விளம்பரத்துல இதே மாதிரி வேலைக்கு "ஐடி மேனேஜர்"னு இருந்துச்சு. அப்போ டேட்டாவுக்குன்னு புதுசா ஒரு டீம் பிரிச்சிருக்காங்க, புதுசா ஒரு தலைவர் வந்திருக்காரு, அவருக்கு ஆள் தேவைப்படுது. இவ்வளவும் ரெண்டே ரெண்டு விளம்பரத்துல இருந்து. இதெல்லாம் ஊகம்தான், தப்பாவும் இருக்கலாம், ஆனா கேள்வி கேக்கறதுக்கு இந்த ஊகம் போதும். அப்புறம் ஒரே வேலைக்கு மாசக்கணக்கா திரும்பத் திரும்ப விளம்பரம் வந்தா அதையும் குறிச்சு வைங்க, ஒண்ணு கம்பெனி வேகமா வளருது, இல்ல அந்த நாற்காலில யாரும் நிலைக்கிறதில்ல, எதுன்னு உள்ள இருக்கிறவங்ககிட்டதான் தெரிஞ்சுக்க முடியும்.

பங்குச்சந்தைல இருக்கிற கம்பெனின்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். அமெரிக்காவுல லிஸ்ட் ஆன அமெரிக்கக் கம்பெனி எல்லாம் வருஷா வருஷம் டென்-கேன்னு (10-K) ஒரு அறிக்கை தாக்கல் பண்ணியாகணும், அங்க பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற அரசு அமைப்போட எட்கர் (EDGAR) தளத்துல காசில்லாம யாரு வேணா படிக்கலாம். நூறு பக்கம் தாண்டும், முழுசா படிக்கத் தேவையில்ல, "ரிஸ்க் ஃபேக்டர்ஸ்"னு ஒரு பகுதி இருக்கும், எதெல்லாம் தங்களைக் கவுத்துடும்னு கம்பெனி தானே வாய்விட்டுச் சொல்ற இடம் அது. வக்கீல் எழுதின பொதுப்படையான வரிகளைத் தள்ளிட்டு, போன வருஷ அறிக்கைல இல்லாம இந்த வருஷம் புதுசா சேந்த வரி எதுன்னு பாருங்க. காலாண்டு முடிவு சொல்ற கான்ஃபரன்ஸ் கால் டிரான்ஸ்கிரிப்ட் கிடைச்சா சிஇஓ பேசறதைத் தாண்டிப் போய் கேள்வி பதில் பகுதியைப் படிங்க, அனலிஸ்ட் எதை ரெண்டு மூணு தடவை குடைஞ்சு கேக்கறாங்களோ அங்கதான் வலி இருக்கு. பிரிட்டன் கம்பெனின்னா லிஸ்ட் ஆகாதது கூட கம்பெனீஸ் ஹவுஸ் தளத்துல இருக்கும், கணக்கு, டைரக்டர் பேரு எல்லாம் இலவசம். அமெரிக்கத் தொண்டு நிறுவனம்னா வரித்துறைக்கு வருஷா வருஷம் தர்ற 990 படிவம், அதுல மேல்மட்டத்துல யாருக்கு எவ்வளவு சம்பளம்ங்கிறது வரைக்கும் இருக்கும். நீங்க இருக்கிற நாட்டுலயும் கம்பெனிப் பதிவு அலுவலகம்னு ஒண்ணு இருக்கும், அது ஆன்லைன்ல என்னென்ன காட்டுதுன்னு ஒரு தடவை போய்ப் பாத்துடுங்க.

சின்னக் கம்பெனி, எதுவும் தாக்கல் பண்ணாதுன்னா? வெப் பக்கங்களோட பழைய வடிவத்தைக் காட்டுற வேபேக் மெஷின்னு ஒரு தளம் இருக்கு. அதை நடத்துற இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-ல இருந்து வெப் பக்கங்களைச் சேத்து வைக்கிறாங்க, 2001-ல பொதுமக்களுக்குத் திறந்து விட்டாங்க. கூகுள்ல முன்னாடி பக்கத்தோட சேமிச்ச பிரதியைக் காட்டுற கேஷ்னு (cache) ஒரு லிங்க் இருந்துச்சே, அதை 2024-ல தூக்கிட்டாங்க, அதுக்கப்புறம் பழைய பக்கம் பாக்கணும்னா பெரும்பாலும் இதுதான் கதி. கம்பெனியோட "எங்கள் குழு" பக்கத்தை ரெண்டு வருஷம் முன்னாடி இருந்த வடிவத்துல திறங்க, இப்போதைய பக்கத்தைப் பக்கத்துல வைங்க. யாரு போயிட்டாங்க, யாரு வந்திருக்காங்க, எந்தப் பிரிவோட பேரே காணோம், எல்லாம் தெரிஞ்சிடும். போனவங்க பேரை ஒரு ஓரமா எழுதி வைங்க, அவங்க பின்னாடி ரொம்ப உதவுவாங்க.

கூகுள்ல வெறும் கம்பெனி பேரைப் போட்டா அவங்க விளம்பரம்தான் முதல் பக்கம் முழுக்க வரும். பேரை டபுள் கோட்ஸ்க்குள்ள போட்டு, பின்னாடி மைனஸும் சைட் ஆபரேட்டரும் அவங்க வெப்சைட் முகவரியும் சேத்து (-site:example.com மாதிரி) அடிச்சா அவங்க சொந்தப் பக்கம் எல்லாம் கழிஞ்சு, மத்தவங்க அவங்களைப் பத்தி சொன்னது மட்டும் வரும். ஃபைல்டைப் பிடிஎஃப்னு (filetype:pdf) போட்டா கான்ஃபரன்ஸ் ஸ்லைடு, டெண்டர் காகிதம், ஆய்வுக் கட்டுரைன்னு யாரும் எட்டிப் பாக்காத சரக்கு கிடைக்கும். தினமும் தேட முடியாதுன்னா கூகுள் அலர்ட்ஸ்ல பேரைப் போட்டு வச்சிடுங்க, மெயில் தானா வரும்.

கிளாஸ்டோர் மாதிரி ரிவ்யூ தளங்களைப் பத்தி நிறைய சொல்ல எதுவும் இல்ல. ஸ்டார் எண்ணிக்கையைப் பாக்காதீங்க. ஒரே வாரத்துல அஞ்சு ஸ்டார் ரிவ்யூ கொத்தா வந்திருந்தா எச்ஆர் கேட்டு எழுத வச்சிருக்க வாய்ப்பு அதிகம், கோவத்துல வெளிய போனவங்க எழுதினதும் அப்படித்தான், பாதி உண்மை. வேற வேற வருஷத்துல, வேற வேற பிரிவுக்காரங்க ஒரே குறையைச் சொல்லியிருந்தா அதை மட்டும் நம்புங்க.

சரி, ஆள்.

எல்லாரும் நேரா போய் முட்டுறது எச்ஆர்கிட்டயும் சிஇஓகிட்டயும்தான். எச்ஆர் ஆளுங்களுக்கு ஒரு நாளைக்கு வர்ற மெசேஜ்ல உங்களோடது எங்கயோ புதைஞ்சு போகும், சிஇஓ படிக்கவே மாட்டாரு. நீங்க சேந்தா உங்களுக்குப் பக்கத்து சீட்ல யாரு இருப்பாங்களோ, இல்ல உங்களுக்கு ஒரு படி மேல யாரு இருப்பாங்களோ, அவங்கதான் உங்க ஆள். லிங்க்ட்இன்ல கம்பெனி பக்கத்துக்குப் போய் பீப்பிள்னு இருக்கிறதைத் தட்டுங்க, எங்க படிச்சாங்க, எந்த ஊரு, என்ன வேலைன்னு பிரிச்சுக் காட்டும். நீங்க படிச்ச காலேஜ்ல படிச்சவங்க யாராவது இருந்தா முதல் இடம் அவங்களுக்கு. அடுத்தது, சேந்து ஆறு மாசத்துல இருந்து ஒன்றரை வருஷம் ஆனவங்க. இவங்களை ஏன் சொல்றேன்னா, உள்ள நுழைஞ்ச கதை அவங்களுக்கு இன்னும் மறக்கல, எந்த ரவுண்டுல என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்கும், தான் பட்ட பாடு இன்னொருத்தன் படக்கூடாதுன்னு ஒரு ஈரமும் இருக்கும்.

அப்புறம் நான் ஓரமா எழுதி வைக்கச் சொன்னேனே, வெளிய போனவங்க. மனசுல இருக்கிறதைத் திறந்து பேசறவங்க இவங்கதான், இழக்க எதுவும் இல்ல, ஆனா உள்ள இருக்கிற பழைய கூட்டாளிங்களோட இன்னும் தொடர்புல இருப்பாங்க. "அந்த டீம்ல இப்ப யாருகிட்ட பேசினா நல்லது"ன்னு இவங்ககிட்ட கேட்டா ஒரு பேரு வரும், அந்தப் பேருகிட்ட "உங்ககூட வேலை பாத்த இன்னார் சொன்னாங்க"ன்னு போய் நிக்கலாம், முகம் தெரியாத ஆளா போகத் தேவையில்ல. இன்னார் பேரைச் சொல்லலாமான்னு அவங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பொதுவுல பேசியிருக்கிறவங்க இன்னும் சுலபம். கான்ஃபரன்ஸ்ல பேசின வீடியோ, கம்பெனியோட டெக்னிக்கல் பிளாக், பாட்காஸ்ட், பேட்டன்ட், கூகுள் ஸ்காலர்ல கட்டுரை, இப்படி எதையாவது வெளிய வச்சவங்களுக்கு அதைப் பத்தி யாராவது கேக்கணும்னு ஆசை இருக்கும், பாதிப் பேருக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே இருக்காது. சாஃப்ட்வேர் கம்பெனின்னா புரோகிராம்களைப் பகிர்ந்துக்கற கிட்ஹப் தளத்துல அவங்க பொதுவுல வச்சிருக்கிற புரோகிராம் கோடைப் (code) பாருங்க, அந்தக் கோடை விட அதுக்குக் கீழ நடக்கிற பேச்சு முக்கியம். புதுசா வந்தவன் அனுப்புன மாற்றத்துக்கு சீனியர் எப்படி பதில் சொல்றாரு, ஏன் சரியில்லன்னு விளக்குறாரா, ஒத்தை வார்த்தைல மூடிட்டுப் போறாரா. அந்த டீம்ல தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்னு எந்த ரிவ்யூவும் இவ்வளவு தெளிவா சொல்லாது.

ப்ரொஃபைல் பாத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு நிறைய பேர் லிங்க்ட்இன்ல பிரைவேட் மோடு போட்டுக்கறாங்க. போடாதீங்க. நீங்க பாத்ததை அவங்க பாத்து, யாருடா இதுன்னு உங்க ப்ரொஃபைலுக்கு வந்தா நல்லதுதானே, மெசேஜ் போகறதுக்கு முன்னாடியே பேரு கண்ணுல பட்டாச்சு. அதோட ஃப்ரீ அக்கவுண்ட்ல பிரைவேட் போட்டா உங்களை யாரு பாத்தாங்கன்னு உங்களுக்கும் காட்டாது.

அதனாலேயே மெசேஜுக்கு முன்னாடி உங்க ப்ரொஃபைலை ஒழுங்கு பண்ணுங்க. உங்க மெசேஜ் வந்தா பதில் அடிக்கிறதுக்கு முன்னாடி பாக்கப் போறது அதைத்தான். போட்டோ, என்ன வேலை பண்றீங்கன்னு புரியற மாதிரி ஒரு வரி, செஞ்ச வேலை ரெண்டு மூணு, இது போதும், "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" மாதிரி வரியெல்லாம் எடுத்துடுங்க.

இப்ப மெசேஜ். நீங்க அனுப்பினது ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

"வணக்கம் சார், உங்கள் நிறுவனத்தில் பணிபுரிய மிகவும் ஆர்வமாக உள்ளேன். எனது ரெஸ்யூமே இணைத்துள்ளேன். ஏதாவது வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்தவும்."

இதுல மரியாதைக் குறைச்சல் எதுவும் இல்ல, ஆனா படிக்கிறவரு என்ன செய்யணும்னு யோசிங்க. ரெஸ்யூமே திறக்கணும், வாய்ப்பு இருக்கான்னு விசாரிக்கணும், இல்லன்னா இல்லன்னு உங்ககிட்ட சொல்லி சங்கடப்படணும். மூணு வேலை. அதனால மூடிட்டுப் போயிடுவாரு. இதே மெசேஜை அப்படியே வேற எந்தக் கம்பெனிக்கு அனுப்பினாலும் பொருந்தும், அதுவும் அவருக்குத் தெரியும்.

லிங்க்ட்இன்ல ஃப்ரீ அக்கவுண்ட்ல ரிக்வெஸ்ட்டோட வைக்கிற நோட்டுக்கு 200 எழுத்துதான், அதுவும் மாசத்துக்குச் சில நோட்டு மட்டும்தான் விடுவாங்க. நான் அதை நல்லதுன்னுதான் சொல்லுவேன், சுருக்கிச் சொல்ல வேற வழியில்ல பாருங்க. மேல சொன்ன சரக்கு கம்பெனி டேட்டா ஆளு கான்ஃபரன்ஸ்ல பேசின டாக் வீடியோ ஒண்ணு கிடைச்சிருக்குன்னு வச்சுக்குவோம், அவருக்குன்னா:

"வணக்கம். கிடங்கு ஸ்டாக் கணக்கை ஒரே டேட்டாபேஸுக்கு மாத்தினது பத்தின உங்க டாக் பாத்தேன். பழைய கணக்கையும் புதுசையும் எவ்வளவு நாள் சேத்து ஓட்டுனீங்க? நானும் அதே வேலைல இருக்கேன்."

வேலை கேக்கல, ரெஸ்யூமே இல்ல. கேள்விக்கு அவரு ரெண்டு வரில பதில் சொல்லிடலாம், யாரையும் விசாரிக்க வேண்டாம், சொல்றதுக்கும் அவருக்குப் பிடிக்கும், ஏன்னா அந்த மாத்தற வேலைல அவரு தூக்கம் கெட்டிருப்பாரு. வீடியோவை நிஜமாவே பாத்துட்டு கேளுங்க, பாக்காம கேட்டா அடுத்த கேள்வியிலயே மாட்டிக்குவீங்க. வீடியோல ஏற்கனவே சொன்ன பதிலைக் கேள்வியா கேக்கறது இன்னும் மோசம். சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த மெசேஜும் வேணாம், ஆள் எடுக்குற பக்கம் உக்காந்திருக்கிறவங்களுக்கு அந்த வழவழப்பு இப்பல்லாம் முதல் வரிலயே தெரிஞ்சிடுது.

பதில் வந்தா நன்றி சொல்லிட்டு, அந்தப் பதில்ல இருந்தே இன்னொரு கேள்வி. அதுக்கப்புறம் "ஒரு 15 நிமிஷம் போன்ல பேச முடியுமா, உங்க டீம் எப்படி வேலை பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கணும்"னு கேக்கலாம். இதுக்கு முன்னாடி கேட்டா அவசரம். போன்ல பேசறப்ப கூகுள்ல கிடைக்கிற எதையும் கேக்காதீங்க, அவரு வாயில இருந்து மட்டுமே வரக்கூடியதைக் கேளுங்க: இந்த டீமுக்கு இப்ப பெரிய தலைவலி எது, புதுசா சேர்றவங்க முதல் மூணு மாசத்துல எங்க தடுக்கி விழறாங்க, ஆள் எடுக்கறப்ப உங்க மேனேஜர் முக்கியமா எதைப் பாப்பாரு. வேலை விளம்பரத்தை வச்சு நீங்க ஊகிச்சீங்களே, அதையும் "இப்படித்தான் நான் புரிஞ்சுக்கிட்டேன், சரியா"ன்னு கேட்டுப் பாருங்க. தப்புன்னா அவரே உக்கார வச்சு திருத்துவாரு, சரின்னா இவன் விவரமான ஆளுன்னு மனசுல பதியும். 15 நிமிஷம்னு கேட்டீங்கன்னா 15-வது நிமிஷத்துல நீங்களே "நேரமாச்சு, விடறேன்"னு சொல்லுங்க. அவரு தொடர்ந்து பேசினா அது வேற.

ரெஃபரல், அதாவது உள்ள இருக்கிறவரு உங்களைப் பரிந்துரை பண்றது, அதை எப்ப கேக்கறதுன்னு அடுத்த கேள்வி வரும். நிறைய கம்பெனில ரெஃபர் பண்ணின ஆள் சேந்தா உள்ள இருக்கிறவருக்கு போனஸ் உண்டு, அதனால அவருக்கும் இதுல லாபம்தான், ஆனா தன் பேரை அடகு வைக்கிறாரு, அது காசை விடப் பெருசு. பொருத்தமான விளம்பரம் வர்ற வரைக்கும் காத்திருங்க, வந்ததும் அந்த வேலையோட லிங்க், நீங்க ஏன் பொருத்தம்னு மூணு வரி, ரெஸ்யூமே மூணையும் சேத்து அனுப்பி "உங்களுக்கு சரின்னு பட்டா மட்டும் ரெஃபர் பண்ணுங்க, இல்லன்னா நானே அப்ளை பண்ணிக்கறேன்"னு சொல்லுங்க. மாட்டேன்னு சொல்ல வழி விட்டு கேட்டா மாட்டேன்னு சொல்றவங்க குறைவு. ஒரு விஷயம், ஏற்கனவே நீங்களா அப்ளை பண்ணிட்டா சில கம்பெனி சிஸ்டம்ல அப்புறம் ரெஃபரல் ஏறாது, அதனால முதல்ல கேட்டுட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க.

எது வரைக்கும் தோண்டலாம்னு ஒரு எல்லை இருக்கு. வேலை சம்பந்தமா அவங்களே பொதுவுல வச்சது எல்லாம் படிக்கலாம், பேசலாம். ஃபேஸ்புக்ல குழந்தை போட்டோ, இன்ஸ்டாவுல போன டூர், இதெல்லாம் கண்ணுல பட்டாலும் படாத மாதிரி இருந்துக்கோங்க. "உங்க பையன் பர்த்டே போட்டோ பாத்தேன்"னு ஆரம்பிச்சா நெருக்கம் வராது, பயம்தான் வரும். சொந்த போன் நம்பரைத் தேடிப் பிடிச்சு வாட்ஸ்அப் பண்றதும் அதே ரகம்.

இன்னொரு பக்கமும் பாத்துக்கோங்க. நீங்க ஒரு கம்பெனியைச் சுத்திச் சுத்தி வர்றது தெரிஞ்சா "அந்தக் கம்பெனி ரெக்ரூட்டர் பேசறேன்"னு போலி ஆளுங்களும் வருவாங்க. மெயில் கம்பெனி டொமைன்ல (@-க்கு அப்புறம் வர்ற பேரு) இருந்து வருதான்னு எழுத்தெழுத்தா பாருங்க, நடுவுல ஒரு கோடு, கடைசில ஒரு ஜாப்ஸ்னு சேத்து அச்சு அசலா செஞ்சிருப்பாங்க. அந்த டொமைன் எப்ப பதிவாச்சுன்னு டொமைன் பதிவு விவரம் காட்டுற ஐகேன் லுக்அப் (ICANN Lookup) தளத்துல அடிச்சுப் பாருங்க, பல வருஷப் பழைய கம்பெனிக்கு போன மாசம் பதிவான டொமைன்னா விஷயம் முடிஞ்சது. அந்த வேலை கம்பெனியோட சொந்த கரியர்ஸ் பக்கத்துல இருக்கா? டிரெயினிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட், எந்தப் பேருல காசு கேட்டாலும் அதோட நிறுத்திடுங்க.

இதெல்லாம் ஒரு ஷீட்ல எழுதி வைங்க, கம்பெனி, ஆள், எங்க பாத்தேன், என்ன கேட்டேன், எப்ப, என்ன சொன்னாரு. ஒரே டீம்ல மூணு பேருக்கு ஒரே கேள்வியை அனுப்பி, அவங்க மதியம் சாப்பிடறப்ப மூணு பேரும் போனைக் காட்டிச் சிரிக்கிற நிலைமை வராம இருக்கவாவது எழுதி வைங்க. ஒரு நேரத்துல ஒரு டீமுக்கு ஒரு ஆள். பதில் வரலன்னா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை, சின்னதா, முடிஞ்சா புதுசா ஏதாவது சேத்து, "உங்க டாக்ல சொன்ன முறையை எங்க டேட்டால போட்டுப் பாத்தேன், இந்த இடத்துல இடிக்குது"ங்கிற மாதிரி அனுப்புங்க. அதுக்கும் பதில் இல்லன்னா அவரை விட்டுட்டு லிஸ்ட்ல அடுத்த பேரு, அவருக்கு வேற கேள்வி.